ரெஜிஸ்டர் இல்லாத ரெக்

வெரிலாக் படிக்க ஆரம்பிக்கிற பசங்க என்கிட்ட அடிக்கடி கேக்குற சந்தேகம் இது: "ரெக்-னு அறிவிச்சேன், ஆனா சர்க்யூட்டுல ஃபிளிப்-ஃப்ளாப்பே வரலியே?" நியாயமான கேள்விதான். குழப்பம் அவங்களோடது இல்லீங்க, அந்தப் பேரோடது. ஒரு குட்டி வரலாறு சொல்றேன்.

சிப்புக்குள்ள இருக்குற சர்க்யூட்டை எழுத்துல விவரிக்கிற மொழி வெரிலாக். 1980களின் நடுவுல கேட்வே டிசைன் ஆட்டோமேஷன் நிறுவனத்துல ஃபில் மூர்பியும் பிரபு கோயலும் உருவாக்கினது. அப்போ அதோட முக்கிய வேலை சிமுலேஷன், அதாவது சர்க்யூட் எப்படி நடந்துக்கும்னு கம்ப்யூட்டர்ல ஓட்டிப் பாக்குறது. எழுதினதை அப்படியே கேட்டுகளா மாத்துற சின்தசிஸ் கருவிகள் பரவினது அதுக்கப்புறம்தான்.

சிமுலேட்டர் கண்ணால பாத்தா பேர் பொருத்தம்தான். வயருக்குத் தனியா ஞாபகம் கிடையாது. அதை ஓட்டுறது என்ன மதிப்பு தருதோ அதுதான் அதுல இருக்கும். ரெக் அப்படி இல்லை. ஒரு தடவை மதிப்பு கொடுத்தா, அடுத்த தடவை கொடுக்குற வரைக்கும் வச்சிருக்கும். ஆனா நிஜ சிப்புல? ஆல்வேஸ் பிளாக்குக்குள்ள ரெண்டு உள்ளீட்டை 'அண்ட்' பண்ணி ஒரு ரெக்-ல போட்டீங்கன்னா, வர்றது வெறும் அண்ட் கேட். கடிகார விளிம்புக்குக் காத்திருக்கச் சொன்னாத்தான் ஃபிளிப்-ஃப்ளாப். 'இஃப்' எழுதிட்டு 'எல்ஸ்' விட்டுட்டா, கேக்காமலே ஒரு லாட்ச் வந்து உக்காந்துக்கும். ஆக, சர்க்யூட்டைத் தீர்மானிக்கிறது அறிவிப்பு இல்லை, எழுதுற விதம்.

1989-ல் கேட்வேயை கேடன்ஸ் வாங்கிச்சு. அடுத்த வருஷமே மொழியைப் பொதுவுக்கு விட்டுது. 1995-ல் ஐஇஇஇ 1364 தரம் வந்துச்சு. அதுல ரெக், இன்டிஜர், டைம், ரியல் எல்லாத்துக்கும் பொதுப்பேர் 'ரெஜிஸ்டர்'! பின்ன குழப்பம் வராம என்ன செய்யும்?

2001 திருத்தத்துல அந்தப் பொதுப்பேரை எடுத்துட்டு 'வேரியபிள்'னு போட்டாங்க. ரெக்-ங்கற சொல்லை மட்டும் தொடலை. தொட்டிருந்தா அதுவரை உலகம் பூரா எழுதி வச்ச கோடு மொத்தமும் உடைஞ்சிருக்கும். 2005-ல் ஐஇஇஇ 1800 தரமா வந்த சிஸ்டம்வெரிலாக் 'லாஜிக்'னு நடுநிலையா ஒரு பேர் தந்துச்சு. 2009-ல் ரெண்டு தரமும் ஒண்ணாச்சு. ரெக் இன்னமும் உயிரோடதான் இருக்கு :-)

நம்மள மாதிரி கலைச்சொல்லுக்கு மல்லுக்கட்டுற ஆளுங்களுக்கு இதுல ஒரு பாடம் இருக்கு. 1995 தரத்தைச் சொல்லுக்குச் சொல் தமிழாக்கியிருந்தா 'பதிவகம்'னு எழுதி, குழப்பத்தையும் சேர்த்தே மொழிபெயர்த்திருப்போம். அது செய்யுற வேலையைப் பாத்துப் பேர் வச்சிருந்தா 'மாறி'ன்னு எழுதியிருப்போம். தரம் எழுதினவங்க அங்க வந்து சேர 2001 ஆச்சு. அதனால, சொல்லைத் தமிழாக்குறதுக்கு முன்னாடி அந்தப் பொருள் என்ன வேலை செய்யுதுன்னு ஒரு தடவை பாத்துடுங்க மக்களே.