தமிழ்நாட்டில் உயில் எழுதும் வழக்கம்

‘உயில்’ ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு வந்த சொல். வழக்கமும் பின்னால் வந்ததுதான். பூர்வீகச் சொத்தில் மகனுக்குப் பிறப்பிலேயே பங்கு தந்த மிதாட்சரம் என்ற இந்து வாரிசுரிமை முறையில், ஒருவர் தம் விருப்பப்படி எழுதிவைக்க அதிகம் மிஞ்சவில்லை.

கிழக்கிந்தியக் கம்பெனியாரோடு தொழில் செய்து சுயமாகப் பொருள் ஈட்டிய சென்னைக்காரர்களுக்கு உயில் எழுதும் தேவை வந்தது. துபாஷி பச்சையப்ப முதலியார் 1794இல் இறப்பதற்குச் சில நாள் முன்பு, தர்மத்துக்குப் பொருள் ஒதுக்கி உயில் எழுதினார். சொத்து பல ஆண்டுகள் வழக்கில் சிக்கியது. அட்வகேட் ஜெனரல் ஜார்ஜ் நார்ட்டன் தலையிட்ட பிறகே, அந்தத் தர்மப் பணத்தில் 1842இல் பள்ளி திறக்கப்பட்டது.

1870ஆம் ஆண்டு இந்து உயில் சட்டம், சென்னை நகரில் எழுதப்படும் உயிலுக்கு இரண்டு சாட்சிகளைக் கட்டாயமாக்கியது. நகருக்கு வெளியே, மொஃபசலில், வாய்மொழி உயிலும் செல்லுபடியானது. 1927 ஜனவரி 1 முதல் எல்லா இந்து உயில்களும் எழுத்தில் இருக்க வேண்டும் என்றானது. கூட்டுக் குடும்பச் சொத்தில் தமக்குள்ள பங்கையும் உயிலில் எழுதலாம் என்று 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டம் வழிவிட்டது.

உயிலை வக்கீல்தான் எழுத வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொன்னதில்லை. முத்திரைத்தாள் வேண்டாம், வெள்ளைத்தாள் போதும். பதிவும் அவரவர் விருப்பம். வசதியுள்ளவர்கள் வக்கீலிடம் போனார்கள். ஊர்ப்பக்கத்தில் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே உட்கார்ந்திருக்கும் பத்திர எழுத்தரே எல்லாம். ‘நல்ல நினைவுடனும், பிறர் தூண்டுதல் இன்றியும், முழு மனதுடனும்’ என்ற வாசகம் அவர் பேனாவில் தானாக வந்து விழும். சர்வே எண்ணும் நான்கெல்லையும் அவருக்கு அத்துப்படி. முதல் வாரிசு முன்னதாக இறந்துவிட்டால் சொத்து யாருக்கு என்பது போன்ற சிக்கல்களில்தான் வக்கீலின் தேவை தெரிந்தது.

தாமே எழுதிய உயில்கள் பெரும்பாலும் தடுக்கி விழுந்த இடம் சாட்சி. எழுதியவர் கையெழுத்திடுவதைச் சாட்சி பார்க்க வேண்டும், அல்லது அது தம் கையெழுத்தே என்று அவர் சொல்லக் கேட்க வேண்டும். பிறகு அவர் முன்னிலையிலேயே தாமும் கையெழுத்திட வேண்டும். அதிகப் பயன் பெறும் வாரிசே முன்னின்று உயிலைத் தயாரித்திருந்தால், அதனால் எழும் சந்தேகத்தை அவரே போக்க வேண்டும் என்று வெங்கடாசல ஐயங்கார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 1958இல் வழங்கப்பட்ட அந்தத் தீர்ப்பு இன்றும் உயில் வழக்குகளில் எடுத்துக்காட்டப்படுகிறது.

வழக்கு வந்தால் சாட்சிகளில் ஒருவராவது கூண்டேறியாக வேண்டும். இருவரும் காலமாகியிருந்தால், அவர்கள் கையெழுத்தை அடையாளம் காட்ட ஆள் தேட வேண்டும். அதனால்தான், யார் எழுதிய உயிலானாலும், எழுதிவைப்பவரைவிட வயதில் இளைய, உள்ளூரிலேயே இருக்கக்கூடிய இருவரைச் சாட்சியாகப் போடுவது நல்லது.