காப்பி பில்டரும் நுண்ணலை பில்டரும்

காலையில் பித்தளை பில்டரில் டிகாக்ஷன் சொட்டுவதைப் பார்க்கும்போதெல்லாம் அடியேனுக்கு இன்னொரு பில்டர் ஞாபகம் வரும். பி.எஸ்ஸி. பௌதிகம் படித்துவிட்டு அரசாங்க உத்தியோகத்தில் ஹைதராபாத்துக்கு வந்து தங்கிவிட்டவன் நான். பொடியை நிறுத்தி டிகாக்ஷனை இறக்குவது போல, வேண்டாத அலைகளை நிறுத்தி வேண்டியதை மட்டும் விடும் சாதனத்துக்கும் பில்டர் என்றுதான் பெயர்.

நுண்ணலை ஆராய்ச்சியில் நம் தேசம் பின்தங்கியதல்ல. 1895-லேயே கல்கத்தாவில் ஜகதீச சந்திர போஸ், மில்லிமீட்டர் கணக்கில் நீளமுள்ள அலைகளை உண்டாக்கிக் காட்டினார். 1915 வாக்கில் அமெரிக்காவில் காம்ப்பெல், ஜெர்மனியில் வாக்னர் இருவரும் தனித்தனியே டெலிபோன் கம்பிகளுக்கான பில்டரைக் கண்டுபிடித்தனர். அவை கம்பிச்சுருளும் கண்டென்சரும் கொண்டவை. இரண்டாம் உலக யுத்தத்தில் ரேடார் வந்தபோது, அத்தனை குறுகிய அலைகளுக்கு அவை சரிப்படவில்லை. உள்ளே காலியாகக் குடைவாக உள்ள உலோகப் பெட்டிகள் அந்த இடத்தைப் பிடித்தன.

தம்பூராவில் தந்தியின் நீளம் சுருதியை நிர்ணயிக்கிறதல்லவா? இங்கே பெட்டியின் அளவு நிர்ணயிக்கிறது. பிரடையைத் திருகுவது போல, பெட்டியில் உள்ள சிறு திருகாணிகளைத் திருகிச் சுருதி சேர்ப்பார்கள். பல பெட்டிகளை வரிசையாக இணைத்தால் வடிகட்டல் கூர்மையாகும். ஆனால் வரும் அலையின் பலமும் சற்றுக் குறையும். இந்த இரண்டுக்கும் நடுவே சமரசம் காண்பதுதான் வடிவமைப்பாளரின் சாமர்த்தியம்.

நம் ஊருக்கு வருவோம். ராணுவ மின்னணு ஆராய்ச்சிக்கூடமான டி.எல்.ஆர்.எல். இங்கே 1961-ல் தொடங்கியது. 1967-ல் ஈ.சி.ஐ.எல். பிறந்தது. அதை வளர்த்த டாக்டர் ஏ.எஸ். ராவ் அவர்களின் பெயரைத்தான் ஏ.எஸ். ராவ் நகர் தாங்கி நிற்கிறது. 1975 ஆகஸ்டு முதல் ஓராண்டு நடந்த 'சைட்' பரிசோதனையில், ஆந்திரா உள்பட ஆறு மாநிலங்களில் சுமார் 2,400 கிராமங்கள் செயற்கைக்கோள் வழியே டி.வி. பார்த்தன. அந்தக் கருவிகளைத் தயாரித்தது ஈ.சி.ஐ.எல்.தான். 1991-ல் தோன்றிய அஸ்த்ரா மைக்ரோவேவ் இன்று ரேடார் பாகங்கள் செய்கிறது.

இதெல்லாம் நமக்கெதற்கு என்று கேட்கலாம். ஜி.எஸ்.எம். 900 முறையில், செல்போன் கோபுரம் 935 முதல் 960 மெகாஹெர்ட்ஸில் பேசிக்கொண்டே, 890 முதல் 915 மெகாஹெர்ட்ஸில் நம் போனின் மெல்லிய குரலைக் கேட்கிறது. மேளச்சத்தத்தின் நடுவே குழந்தையின் முனகலைக் கேட்பது போன்ற காரியம் இது. பில்டர் இல்லாவிட்டால் கோபுரம் தன் குரலாலேயே செவிடாகிவிடும்.

2022 ஜனவரியில் ஏர் இந்தியாவின் சில அமெரிக்க விமானங்கள் ரத்தானது நினைவிருக்கும். பிள்ளைகளைப் பார்க்கப் புறப்பட இருந்தவர்கள் தவித்துப்போனார்கள். அமெரிக்காவில் 5ஜி அலைகள் 3.98 கிகாஹெர்ட்ஸ் வரை அனுமதிக்கப்பட்டிருந்தன. விமானம் தரையிலிருந்து எத்தனை உயரத்தில் இருக்கிறது என்று சொல்லும் கருவி 4.2 முதல் 4.4 வரை இயங்குகிறது. இடைவெளி இருந்தும், பழைய கருவிகள் பல பக்கத்து வீட்டுச் சத்தத்தைச் சரியாகத் தடுக்கவில்லையோ என்ற பயம். பிற்பாடு பல விமானங்களில் புது பில்டர் பொருத்தித்தான் நிலைமையைச் சீர்செய்தார்கள்.

கண்ணுக்குத் தெரியாத ஒரு சிறு பெட்டி, இறங்கும் விமானத்தில் இருக்கும் நம் பேரக்குழந்தைகளின் க்ஷேமத்துக்குக் காவல் நிற்கிறது. எல்லோரும் ஸாஃப்ட்வேர் படிக்கும் இந்நாளில், நம் வீட்டுப் பிள்ளைகள் ஒரு சிலராவது இந்தத் திருகாணியைப் பிடிக்க முன்வர வேண்டும் என்பதே இந்தக் கிழவனின் ஆசை.