காலம் என்ற அளவுகோல்: ஆர்ச்சிபால்ட் கேரோடும் அல்காப்டோனூரியாவும்

1901 மார்ச்சில் லண்டனில் ஒரு குழந்தை பிறந்தது. அதன் மூத்திரத் துணிகளைக் கவனித்துவரும்படி செவிலியிடம் முன்கூட்டியே சொல்லிவைத்திருந்தார் மருத்துவர் ஆர்ச்சிபால்ட் கேரோட். அதற்கு மூத்த பிள்ளைகளிலும் அல்காப்டோனூரியா இருந்ததால் எழுந்த எதிர்பார்ப்பு அது. மூன்று நாள் முடிவதற்குள் துணியில் கறை தெரிந்தது. அல்காப்டோனூரியா உள்ளவர்களின் சிறுநீர் கழிக்கும்போது சாதாரணமாகத்தான் இருக்கும்; காற்றுப்பட்டு நிற்க நிற்கப் பழுப்பாகி, பிறகு கறுக்கும். காரம் பட்டால் கறுப்பு விரைவில் ஏறும். சோப்புப் போட்டால் போகவேண்டிய கறை கூடுகிறது என்பதால், வீட்டில் இதை முதலில் கண்டுபிடிப்பவர் பெரும்பாலும் துணி துவைப்பவர்தான்.

கறுக்கும் பொருள் ஹோமோஜென்டிசிக் அமிலம் என்பது 1891 முதலே தெரியும். அதைக் குடலிலுள்ள நுண்ணுயிரிகள் உண்டாக்குகின்றன என்று அன்றைய வேதியியலர் விளக்கினர். கேரோட் அந்த விளக்கத்தை ஏற்கவில்லை. பிறந்து சில நாளிலேயே தொடங்கி, கூடாமலும் குறையாமலும் வாழ்நாள் முழுதும் நீடித்து, ஒரே பெற்றோரின் பிள்ளைகளில் சிலருக்கு மட்டும் வரும் ஒன்று தொற்றாக இருக்க முடியாது என்றார். பெற்றோர் நெருங்கிய உறவினராக இருக்கும் குடும்பங்களில் இது மிகுதியாக வருவதையும் கவனித்தார். மெண்டலின் விதிகள் மறுபடி வெளிச்சத்துக்கு வந்து ஈராண்டுகூட ஆகாத நேரம். மரபியலாளர் வில்லியம் பேட்சன் இதில் ஒடுங்கு பண்பின் அடையாளத்தைக் கண்டார். 1902இல் ‘லான்செட்’ இதழில் கேரோட் வெளியிட்ட கட்டுரை, மனித நோயியலில் மெண்டலியத்தைக் கால்கொள்ளச் செய்தது. 1908இல் லண்டன் மருத்துவர் கல்லூரியில் அவர் ஆற்றிய குரோனியன் சொற்பொழிவுகள் அல்காப்டோனூரியா, வெண்தோல் நிலை, சிஸ்டினூரியா, பென்டோசூரியா ஆகிய நான்கையும் ‘வளர்சிதை மாற்றத்தின் பிறவிப் பிழைகள்’ என்று ஒரே கூரையின் கீழ் வைத்தன. ஒரு நொதி இல்லாவிட்டால் வளர்சிதைப் பாதை அந்த இடத்தில் முறியும் என்பதே அவற்றின் சாரம்.

மருத்துவ வரலாற்று நூல்கள் வழக்கமாக இங்கிருந்து நேரே மரபியல் ஆய்வாளர்களான பீடிலுக்கும் டாட்டமுக்கும் தாவிவிடும். அவ்விருவரின் 1941ஆம் ஆண்டு ஆய்வு, மரபணுவுக்கும் நொதிக்கும் உள்ள உறவை நிறுவியது. 1958இல் நோபல் பரிசு பெற்றபோது பீடில் கேரோடின் முன்னோடித்தனத்தை வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். அந்தப் பெருமை நியாயமானதே. ஆனால் அது வேறொரு கேள்வியை மறைத்துவிடுகிறது. அல்காப்டோனூரியா நோயல்ல, உடல் வேதியியலின் ஒரு மாற்றுவழி மட்டுமே, அது பெரும்பாலும் தீங்கற்றது என்று கேரோட் முடிவுகட்டியது எப்படி? மரபு பற்றி அவ்வளவு கூர்மையாகப் பார்த்தவர் தீங்கு பற்றி ஏன் தவறினார்?

அன்றைய அறிவின் போதாமை என்று சொல்லித் தப்பிக்க வழியில்லை. 1866இலேயே நோயியலர் ருடால்ஃப் விர்ஷோ, 67 வயது ஆண் ஒருவரின் பிணக்கூறாய்வில் குருத்தெலும்புகள் கறுத்திருந்ததைக் கண்டு அதற்கு ஒக்ரோனோசிஸ் என்று பெயரிட்டிருந்தார். கேரோடின் கட்டுரை வந்த அதே 1902இல் அந்தக் கறுப்பையும் அல்காப்டோனூரியாவையும் ஆல்பிரெக்ட் என்ற ஆய்வாளர் இணைத்துவிட்டார். 1904இல் மருத்துவர் வில்லியம் ஆஸ்லர் உயிருள்ள நோயாளிகளிடமே அந்த இணைப்பைக் காட்டினார். அதைவிட வியப்பானது, கேரோட் மூட்டு நோய்களில் தேர்ந்தவர். 1890இல் வாதநோய்களைப் பற்றி அவர் ஒரு பெருநூலே எழுதியிருந்தார். தந்தை ஆல்ஃபிரட் கேரோடோ, கீல்வாதத்தில் இரத்தத்தில் யூரிக் அமிலம் மிகுவதைக் காட்டிப் புகழ்பெற்றவர். வளர்சிதைக் கழிவு ஒன்று ஆண்டுக்கணக்கில் மூட்டில் படிந்து நோயாகும் என்பது அந்த வீட்டின் சொந்தக் கல்வி.

என் வாதம் இது. கேரோடிடம் தகவல் இருந்தது, அதை இணைத்துப் பார்க்கும் கால அளவுதான் இல்லை. லண்டன் கிரேட் ஆர்மண்ட் தெருவின் சிறார் மருத்துவமனையில் அவர் கண்ட குழந்தைகள் நன்றாகத்தான் இருந்தார்கள். நல்ல எடை, நல்ல வளர்ச்சி, துணியில் மட்டும் கறை. பிழை பிறவியிலேயே இருக்கிறது, குழந்தை சுகமாக இருக்கிறது, ஆகவே பிழை தீங்கற்றது. இந்த ஊகத்தில் ‘இன்றுவரை’ என்ற சொல் விடுபட்டிருக்கிறது. 1908 சொற்பொழிவுகளில் ஒக்ரோனோசிஸைப் பற்றி அவரே பேசியிருக்கிறார் என்று மறுப்பவர் உண்டு, உண்மைதான். ஆனால் அந்தப் பேச்சு அவர் வகுத்த சட்டகத்தை அசைக்கவில்லை. பிறவிப் பிழை என்பது நிலையான ஒரு விலகல் என்றே அவர் கருதினார். ஓடிக்கொண்டே இருக்கும் ஒரு கணக்காக அதைப் பார்க்கவில்லை.

அது கணக்குத்தான் என்பதை அந்தப் பாதையின் மற்ற இரு முறிவுகளோடு ஒப்பிட்டால் தெரியும். ஃபீனைல்அலனின் டைரோசினாகிறது, டைரோசின் படிப்படியாக ஹோமோஜென்டிசிக் அமிலமாகிறது, அது மேலும் உடைந்து கடைசியில் உடலுக்குப் பயன்படும் சிறு மூலக்கூறுகளாக முடிகிறது. முதல் படி முறிந்தால் ஃபீனைல்கீட்டோன்யூரியா. சிகிச்சை இல்லாவிட்டால் சில மாதங்களிலேயே மூளை வளர்ச்சி பாதிக்கப்படும். கடைசிப் படி முறிந்தால் முதல்வகை டைரோசினீமியா. கைக்குழந்தைப் பருவத்திலேயே கல்லீரல் செயலிழக்கக்கூடும். இரண்டுக்கும் நடுவே உள்ள படி முறிந்தால் அல்காப்டோனூரியா. இடுப்பும் முதுகும் நாற்பதில் வலிக்கத் தொடங்கும். பாதை ஒன்று, மரபுமுறையும் ஒன்று. ஆனால் தீங்கின் வேகம் மாதக் கணக்கிலிருந்து பல பத்தாண்டுகள் வரை விரிகிறது. குழந்தை நோய், முதியோர் நோய் என்ற பாகுபாடு மருத்துவமனைக் கட்டடங்களுக்கு வசதியானது. வேதியியலில் அப்படியொரு சுவர் கிடையாது.

அல்காப்டோனூரியாவின் வேகம் ஏன் இவ்வளவு குறைவு? விடை சிறுநீரகத்தில் இருக்கிறது. நாளொன்றுக்குச் சில கிராம் ஹோமோஜென்டிசிக் அமிலம் சிறுநீரில் வெளியேறுகிறது. இரத்தத்தில் நிற்பது மிகச் சிறிதளவே. கேரோட் குழந்தையின் துணியில் பார்த்தது நோயை மட்டுமல்ல, நோய்க்கு எதிரான உடலின் வெற்றியையும் சேர்த்துத்தான். கறை கறுப்பாக இருக்கும்வரை மூட்டு தப்பிக்கிறது என்றுகூடச் சொல்லலாம், கொஞ்சம் மிகைதான். வெளியேறாமல் தங்கிய சிறு மிச்சம் ஆக்சிஜனேற்றம் அடைந்து, கருநிறமியாகத் திரண்டு, குருத்தெலும்பின் கொலாஜனோடு ஒட்டிக்கொள்கிறது. கொலாஜன் மிக மெதுவாகப் புதுப்பிக்கப்படுவது, ஒட்டியது விலகுவதில்லை. வயது ஏற ஏறச் சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் குறையும், மிச்சம் கூடும். மூப்பும் பிறவிப் பிழையும் இப்படிக் கைகோக்கின்றன.

அதன் முடிவைக் கண்ணால் பார்ப்பவர்கள் எலும்பியல் அறுவை மருத்துவர்கள். சாதாரண மூட்டுத் தேய்மானம் என்று எண்ணி முழங்காலைத் திறந்தால், வெண்பளிங்காய் இருக்கவேண்டிய குருத்தெலும்பு கரித்துண்டைப் போல இருக்கிறது. ஐம்பது ஆண்டுகளாக யாரும் கண்டறியாத அல்காப்டோனூரியா அந்த மேசையில் வெளிப்படும் நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் அடிக்கடி வருகின்றன. அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனத்தில் 58 நோயாளிகளை ஆராய்ந்து 2002இல் வெளியான கட்டுரையின்படி மூட்டு மாற்று அறுவைக்கான சராசரி வயது 55. இதய வால்வுப் பாதிப்பு 54 வயதளவில் தென்பட்டது. மூட்டழிவின் வேகம் முப்பதுக்குப் பின் கூடியது. ‘தீங்கற்ற’ என்ற அடைமொழிக்கு இனி இடமில்லை.

சிகிச்சை பற்றிய விவாதத்திலும் இதே காலப்பிழை மறுபடி தலைகாட்டுகிறது. நிட்டிசினோன் என்ற மருந்து களைக்கொல்லி ஆய்விலிருந்து பிறந்தது. அது பாதையை ஹோமோஜென்டிசிக் அமிலத்துக்கு ஒரு படி முன்பே அடைத்துவிடும். 1990களின் தொடக்கத்திலிருந்து டைரோசினீமியாக் குழந்தைகளின் உயிரைக் காத்துவருவது இம்மருந்துதான். அல்காப்டோனூரியாவுக்கு இதைச் சோதித்த அமெரிக்க ஆய்வு 40 பேரை மூன்றாண்டு கவனித்தது. அமிலம் 95 விழுக்காடு குறைந்தது. ஆனால் இடுப்பு மூட்டின் சுழற்சியில் கணிசமான வேறுபாடு இல்லை. 2011இல் வெளியான அந்த முடிவைப் பலர் தோல்வி என்று வாசித்தனர். நாற்பதாண்டு படிந்த நிறமியின் விளைவை மூன்றாண்டில் இடுப்பின் கோணத்தைக் கொண்டு அளக்க முயன்றதே கோளாறு. பிறகு லிவர்பூல் மருத்துவர்களின் தலைமையில் ஐரோப்பாவில் 138 பேரை வைத்து நான்காண்டு நடந்த ஆய்வு, அளவுகோலை மாற்றியது. முதலாண்டிலேயே அமிலம் 99.7 விழுக்காடு குறைந்ததோடு, பல உறுப்புகளைச் சேர்த்து மதிப்பிடும் தொகுப்புப் புள்ளியில் நோயின் முன்னேற்றமும் தணிந்தது. 2020இல் ஐரோப்பிய ஒன்றியம் பெரியவர்களுக்கு மட்டும் இம்மருந்தை அனுமதித்தது.

‘பெரியவர்களுக்கு மட்டும்’ என்பதில்தான் சிக்கல். எலிகளில் செய்த சோதனையில், பிறப்பிலிருந்து மருந்து பெற்றவற்றில் நிறமி படியவே இல்லை. நடுவயதில் பெற்றவற்றில் படிவு நின்றது, ஏற்கெனவே படிந்தது போகவில்லை. மனிதரின் காது மடல் குருத்தெலும்பில் இருபது வயதிலேயே நிறமி காணப்பட்டிருக்கிறது. அப்படியானால் குழந்தைக்கே கொடுத்துவிடலாமே என்று தோன்றும். அவ்வளவு எளிதல்ல. பாதையை முன்னால் அடைத்தால் டைரோசின் தேங்கும். அது கருவிழியைப் பாதிக்கலாம், வளரும் மூளைக்கு என்ன செய்யும் என்ற கவலையும் நியாயமானது. புரதம் குறைத்த உணவைப் பிள்ளைப் பருவம் முழுதும் பிடித்துவைப்பது எந்தக் குடும்பத்துக்கும் பாரம். கல்லீரலைக் காக்க வேண்டிய டைரோசினீமியாக் குழந்தைக்கு இந்த விலையைக் கொடுப்பதில் தயக்கம் தேவையில்லை. நாற்பதில் வரப்போகும் வலிக்காக ஓடியாடும் ஐந்து வயதுப் பிள்ளைக்குக் கொடுப்பது வேறு கணக்கு.

தமிழகத்துக்கு இது தொலைவான விவாதம் அல்ல. 2014இல் வெளியான மரபணு ஆய்வொன்று, நரிக்குறவர் சமூகத்தில் அல்காப்டோனூரியா மிகுந்திருப்பதையும், அதற்கு ஒரே மூதாதையிடமிருந்து இறங்கிய ஒரே எழுத்து மாற்றம் காரணம் என்பதையும் காட்டியது. சமூகத்துக்குள்ளேயே மணம் முடிக்கும் சிறு குழுக்களில் எங்கும் நிகழ்வதுதான் இது. நெருங்கிய உறவில் மணம் முடிக்கும் மற்ற தமிழ்ச் சமூகங்களுக்கும் பொருந்தக்கூடியது. இத்தகைய கண்டுபிடிப்பு ஒரு சமூகத்தின் நெற்றியில் நோய்ப்பெயரை ஒட்டும் கருவியாகிவிடக்கூடாது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் அதைப் பயன்படுத்தலாம். மூடாமல் வைத்த சிறுநீர் மாதிரி மறுநாள் கறுக்கிறதா என்று பார்க்கச் செலவே இல்லை. ஆனால் கண்டுபிடித்த பிள்ளையிடம் என்ன சொல்வது என்பதற்கு இன்றைய ஆய்வுகளில் விடை கிடையாது. ஐரோப்பிய ஆய்வு 25 வயதுக்கு மேற்பட்டவர்களையே சேர்த்தது. அதாவது படிவு தொடங்கிய பிறகு. அடுத்த ஆய்வு பதினாறுக்கும் இருபத்தைந்துக்கும் இடைப்பட்டவர்களிடம் நடக்கவேண்டும். வலியை அளக்காமல் படிவை அளக்கவேண்டும். அதன் கால அளவு மூன்று, நான்கு ஆண்டுகளாக இல்லாமல், மருந்து நிறுவனங்களும் நிதி தருவோரும் விரும்பாத பதினைந்து ஆண்டுகளாக இருக்கவேண்டும்.