நாகர்கோவிலுக்கு ஏன் முதல் பஸ்?

திருவனந்தபுரத்துப் புறநகர் ரயில் திட்டம் என்றாலே கொல்லம், காயங்குளம், செங்கன்னூர் என்று பேச்சு வடக்கே போய்விடும். ஆனால் திருவிதாங்கூர் அரசு 1938 பிப்ரவரி 20 அன்று தன் பஸ் சேவையைத் தொடங்கியபோது, முதல் வழித்தடம் தெற்கே நாகர்கோவிலுக்குப் போனது. ஏன்? அந்தக் கேள்விதான் என்னைப் பழைய தாள்களுக்குள் இழுத்துச் சென்றது.

முதலில் காலக்கணக்கைப் பழகிக்கொள்ள வேண்டியிருந்தது. திருவிதாங்கூர் நிர்வாக அறிக்கைகள் கொல்லம் ஆண்டுப்படி அடுக்கப்பட்டவை. ஆண்டு பிறப்பது ஆகஸ்ட் நடுவில். 1113 என்றால் 1937 ஆகஸ்ட் முதல் 1938 ஆகஸ்ட் வரை. இதைப் பிடித்துக்கொண்டதும் ஒன்று தெளிவானது. லண்டன் பயணியர் போக்குவரத்து வாரியத்திலிருந்து ஈ. ஜி. சால்டர் 1937 செப்டம்பரில் திருவிதாங்கூர் போக்குவரத்துத் துறையின் கண்காணிப்பாளராக நியமிக்கப்பட்டதும், பஸ் ஓடியதும் ஒரே கொல்லம் ஆண்டில்தான். இடைவெளி ஐந்தே மாதம்! அதற்குள் இங்கிலாந்திலிருந்து பெர்கின்ஸ் டீசல் எஞ்சின் பொருத்திய சேசிஸ்கள் வந்து இறங்கின. பாடியைத் துறையின் ஆட்களே கட்டினார்கள். முதல் பஸ்ஸில் சித்திரைத் திருநாள் மகாராஜா குடும்பத்தோடு ஏறினார், ஓட்டியவர் சால்டரே.

தெற்கு ஏன் என்பதற்கு விடை பஸ் தாள்களில் இல்லை, ரயில் வரைபடத்தில் இருந்தது. செங்கோட்டையிலிருந்து மலையைக் குடைந்து கொல்லத்துக்கு 1904-இல் வந்த மீட்டர்கேஜ் பாதை, 1918-இல் திருவனந்தபுரத்தை எட்டியது. அத்தோடு நின்றது. நாகர்கோவிலுக்கு ரயில் வந்தது 1979-இல். அதாவது முதல் அரசு பஸ் ஓடி 41 ஆண்டுகள் கழித்து. ரயில் இல்லாத திசையில் பஸ் விட்டார்கள் என்பதே என் முடிவு.

இப்போது அண்மைக்கால ஆவணத்துக்கு வருவோம். திருவனந்தபுரம் – செங்கன்னூர் இடையே சுமார் 125 கிலோமீட்டருக்குப் புறநகர் ரயில் விட முடியுமா என்று மும்பை ரயில்வே விகாஸ் கார்ப்பரேஷன் ஆராய்ந்தது. புதுத் தண்டவாளம் கேட்காத திட்டம் அது. வழக்கமான முறையில் இரண்டு ஸ்டேஷன்களுக்கு நடுவே, ஒரு தண்டவாளத்தில், ஒரு வண்டிதான் போகலாம். தானியங்கி சிக்னல் வைத்தால் அந்த இடைவெளி பல துண்டுகளாகப் பிரிந்து, ஒன்றன்பின் ஒன்றாக வண்டிகளை விடலாம். கூடவே மெமு எனப்படும் மின்சாரப் பயணியர் வண்டிகள். மதிப்பீடு சுமார் 3,300 கோடி ரூபாய்.

கணக்கு உதைக்கவில்லை, உதைத்தது வேறு. இருக்கும் பாதையில் நெரிசல், இன்னும் வண்டிகளுக்கு இடமில்லை, தனிப் பாதை போடுங்கள் என்றது ரயில்வே. திட்டம் படுத்துவிட்டது. பிறகு மாநிலம் தனிப் பாதையாகவே யோசித்த சில்வர்லைன் ரயில் திட்டம், திருவனந்தபுரத்திலிருந்து காசர்கோடு வரை 529 கிலோமீட்டர், ஏறக்குறைய 64,000 கோடி என்று வளர்ந்தது. 2022-இல் அதற்காக மஞ்சள் எல்லைக்கல் நட்ட பல இடங்களில் மக்கள் அதைப் பிடுங்கி எறிந்தார்கள்.

பஸ் தாள்களையும் செங்கன்னூர் ஆய்வையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் விஷயம் புலப்படும். 1937-இல் சாலை, பட்டறை, பஸ், முடிவெடுக்கும் அதிகாரம் எல்லாம் ஒரே அரசின் கையில். செங்கன்னூர் திட்டத்தில் ஆசை மாநிலத்துடையது, தண்டவாளம் ரயில்வேயுடையது. தெற்கே சிக்கல் இன்னும் ஒரு படி கூடுதல்: 1956 நவம்பர் 1-இல் கன்னியாகுமரி மாவட்டம் சென்னை மாநிலத்தோடு சேர்ந்ததும், சால்டரின் முதல் வழித்தடம் களியக்காவிளையில் இரண்டானது. கேரளப் பக்கம் பாறசாலையில் வேலைக்கு ரயிலேறுபவரும் தமிழ்நாட்டுப் பக்கம் குழித்துறையில் ஏறுபவரும் போவது ஒரே ஊருக்குத்தான், திருவனந்தபுரத்துக்கு. அவர்களுக்காகத் திட்டம் போட வேண்டியவை இரண்டு மாநிலங்கள், ஒரு ரயில்வே.

சாத்தியக்கூறு அறிக்கைகள் பயணிகளை எண்ணுகின்றன, செலவைக் கூட்டுகின்றன. அதற்கு முன்பே தீர்க்க வேண்டியது, பாதை யாருடையது, அவர் சம்மதித்தாரா என்பது. அந்தக் கையெழுத்து இல்லாமல் அடுத்த அறிக்கைக்குப் பணம் ஒதுக்குவது வீண்.