கனடாவின் பனித்தெருக்களும் புதிதாக வந்தோரும்

கனடாவில் பிறந்தவர்களுக்குப் பனியில் வாகனம் ஓட்டுவது பிறவியிலேயே வந்த வித்தை என்றொரு எண்ணம் நம்மவரிடையே பரவலாக உண்டு. முதற்பனியைக் கண்டு மிரளும் ஒருவரைத் தேற்ற முயல்பவர்களும், "அவங்கள் பனியிலேயே பிறந்து வளந்தவங்கள், எங்களுக்குத்தான் கொஞ்சக் காலம் எடுக்கும்" என்றே சொல்லுகிறார்கள். வரலாற்றைப் புரட்டினால் இந்த எண்ணம் நிலைக்காது. பனிக்காலம் முழுவதும் மோட்டார் வாகனம் ஓடக்கூடிய தெரு என்பது கனடாவிலேயே ஏறத்தாழ நூறு வயதுதான் ஆன விடயம். நாட்டுப்புறங்களில் அதன் வயது இன்னும் குறைவு.

முதலில் மோட்டார் வாகனத்தை விட்டுவிட்டு, குளிரை மட்டும் பார்ப்போம். 1535ஆம் ஆண்டு பிரெஞ்சு மாலுமி ஜாக் கார்த்தியே, இன்று கியூபெக் நகரம் அமைந்துள்ள இடத்தில் மூன்று கப்பல்களுடன் குளிர்காலத்தைக் கழிக்கத் தங்கினார். அவர் புறப்பட்டு வந்த சென் மாலோ துறைமுகத்தைவிட இந்த இடம் சற்றுத் தெற்கே உள்ளது. ஒரே அகலக்கோட்டில் ஒரேவிதமான காலநிலைதான் இருக்கும் என்பது அக்கால ஐரோப்பியரின் கணக்கு. நவம்பர் நடுப்பகுதியிலிருந்து ஏப்ரல் நடுப்பகுதிவரை கப்பல்கள் பனிக்கட்டியில் இறுகிக் கிடந்தன. 110 பேரில் 25 பேர் ஸ்கர்வி நோயினால் மாண்டனர். எஞ்சியோரைக் காப்பாற்றியது, தொமகாயா என்ற பூர்வகுடி இளைஞர் சொல்லிக்கொடுத்த ஒரு மரத்தின் பட்டையையும் இலையையும் போட்டுக் காய்ச்சிய கஷாயம். அதற்குக் கார்த்தியே செய்த கைம்மாறு என்ன தெரியுமா? 1536ஆம் ஆண்டு பனி உருகியதும் அந்த ஊரின் தலைவர் டொன்னகோனாவையும் தொமகாயாவையும் வேறு சிலரையும் பிடித்துக் கப்பலேற்றி பிரான்சுக்குக் கொண்டு சென்றார். அவர்களில் ஒருவரும் ஊர் திரும்பவில்லை.

பின்வந்த பிரெஞ்சுக் குடியேற்றவாசிகள் பனிமேல் நடக்கும் அகன்ற காலணியையும் டொபொகன் என்னும் சறுக்குப் பலகையையும் பூர்வகுடிகளிடமிருந்தே பெற்றுக்கொண்டார்கள். அக்காலப் போக்குவரத்துக்குப் பனி தடையாகவே இருக்கவில்லை என்பதை இங்கு குறிப்பிட்டாக வேண்டும். குதிரை இழுக்கும் சறுக்குவண்டி ஓடுவதற்குப் பனி வேண்டும். ஆகவே ஊரவர்கள் பனியை அகற்றவில்லை. பெரிய மர உருளைகளைக் குதிரைகளில் பூட்டி இழுத்து, பனியை அழுத்தி இறுக்கினார்கள். சேற்றுக் காலத்தைவிட பனிக்காலத்தில்தான் பயணம் இலகுவாக இருந்தது. மோட்டார் வாகனம் வந்தபோது இந்த ஒழுங்கு தலைகீழாயிற்று. இறுகிய பனிமேல் குதிரை போகும். அன்றைய மெல்லிய ரயர் போகாது. எனவே கார் வைத்திருந்தவர்கள் முதற்பனியோடு அதைக் கொட்டிலில் விட்டு, மரக்குற்றிகள்மேல் ஏற்றி, பற்றரியைக் கழற்றி வைத்துவிட்டு மீண்டும் குதிரையிடம் போனார்கள்.

1925ஆம் ஆண்டில்தான் கியூபெக்கைச் சேர்ந்த ஆர்தர் சிக்கார், பனியை அள்ளித் தூர வீசும் இயந்திரத்தைச் செய்து முடித்தார். 1927இல் மொன்றியலை ஒட்டிய உத்ரமோன் நகரசபை அதை வாங்கியது. நகரங்களின் நிலைமை மெல்ல மாறத் தொடங்கியது. கிராமங்களோ ஐந்து மாதம் மூடியே கிடந்தன. அதன் விலை என்னவென்பதற்கு ஒரு குடும்பத்தின் கதை போதும். வல்கூர் என்ற சிற்றூரில் கராஜ் வைத்திருந்த ஆர்மண்ட் பொம்பார்டியேயின் இரண்டு வயது மகன் 1934 ஜனவரியில் குடல்வால் நோய் முற்றிக் கிடந்தான். வைத்தியசாலை சேர்புறூக் நகரில். தெருக்கள் பனியால் மூடியிருந்தன; கொண்டுபோக வழியில்லை. பிள்ளை இறந்துபோனான். பனிமேல் ஓடும் வண்டி ஒன்றைச் செய்ய ஏற்கெனவே பல ஆண்டுகளாக முயன்றுகொண்டிருந்த தந்தை, பட்டிச் சக்கரமும் முன்புறம் சறுக்குக் கட்டையும் கொண்ட ஏழு பேர் செல்லும் வாகனத்தை 1937இல் விற்பனைக்கு விட்டார். வைத்தியர்களும் தபால்காரரும் பாடசாலைகளும் அதை வாங்கின.

1948ஆம் ஆண்டு கியூபெக் அரசு நாட்டுப்புறப் பிரதான வீதிகளிலும் பனிக்காலம் முழுவதும் பனி அகற்றப்பட வேண்டும் என்று முடிவு செய்தது. பொம்பார்டியேயின் வியாபாரம் படுத்துவிட்டது! (அதன் பிறகுதான் அவர் வேறு வாகனங்களின் பக்கம் திரும்பி, 1959இல் ஸ்கீ-டூ என்ற சிறு பனிவண்டியைக் கொண்டுவந்தார்.) இலங்கை சுதந்திரமடைந்த அதே 1948. நமது கண்டி வீதியில் ஆண்டின் பன்னிரண்டு மாதமும் வாகனம் ஓடிக்கொண்டிருந்த காலத்தில், கியூபெக் கிராமத்து மனிதர் தன் காரைக் குற்றியில் ஏற்றி வைத்திருந்தார். இன்று நம்மோடு வேலைத்தலத்தில் நிற்கும் வெள்ளையரின் பாட்டனாருக்கும் இந்தத் தெரு புதிதாகவே இருந்தது.

தெருவில் உப்புத் தூவும் வழக்கமும் 1940களில் அமெரிக்காவில் தொடங்கி இங்கு பரவியதே. ஆனையிறவு உப்பைக் கறிக்கு மட்டுமே அறிந்திருந்த நமக்கு, கனடாவின் தெருக்களில் ஆண்டுக்குச் சுமார் 50 இலட்சம் தொன் உப்புக் கொட்டப்படுகிறது என்பது நம்பமுடியாத செய்திதான். குளிர் மிகக் கடுமையாகும்போது உப்பு வேலை செய்யாது. அப்போது மணல் தூவுவார்கள். அந்த உப்புக் காரின் அடித்தகட்டைத் தின்றுவிடும். எட்டாம் கையிலிருந்து ஒன்பதாம் கைக்கு மாறிய பழைய கார்களை வாங்கிய நம்மவர்கள் இதை நன்கு அறிவார்கள்.

1983 ஜூலைக்குப் பின்னர்தான் ஈழத் தமிழர்கள் பெருந்தொகையாகக் கனடாவுக்கு வந்தார்கள். 1986 ஆகஸ்டில் நியூபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால் உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்து மீனவர்களால் மீட்கப்பட்ட 155 பேரைப் பலருக்கு ஞாபகமிருக்கும். கோடையில் வந்திறங்கிய அவர்கள் சில மாதங்களிலேயே முதற்பனியைக் கண்டிருப்பார்கள். இந்தத் தலைமுறைக்கு வாகனம் ஓட்டத் தெரியாமல் இருக்கவில்லை. 1990களின் முற்பகுதியில் பொருளாதாரத் தடையின் கீழ் யாழ்ப்பாணத்தில், நாலு துளி பெற்றோலில் இயந்திரத்தை உசுப்பி, பின்னர் மண்ணெண்ணெயில் ஓடியவர்கள் நாங்கள். விளக்கில்லாமல் இரவில் குண்டுங்குழியுமான ஒழுங்கைகளில் ஓடியவர்கள். அந்தத் தேர்ச்சி இங்கு உதவவில்லை. சில வேளைகளில் உபத்திரவமும் ஆயிற்று. அங்கே பள்ளத்தைக் கண்டால் பட்டென்று பிறேக் போடுவதும் வெட்டித் திருப்புவதும் கெட்டித்தனம். பனிக்கட்டியில் அவை இரண்டுமே ஆபத்து.

இன்னொரு காலப்பொருத்தமும் சேர்ந்துகொண்டது. குளிர்கால ரயரை உலகில் முதன்முதலாக 1934இல் செய்தது பின்லாந்து. கனடாவிலும் ஒரு காலத்தில் அது வழக்கத்தில் இருந்தது. ஆனால் 1970களின் பிற்பகுதியில் எல்லாப் பருவத்துக்கும் ஒரே ரயர் என்ற விளம்பரத்துடன் புதிய வகை சந்தைக்கு வந்தது. முன்சக்கரங்களால் இழுக்கப்படும் கார்களும் பெருகின. ஒன்ராறியோவில் பலர் ரயர் மாற்றும் பழக்கத்தைக் கைவிட்டிருந்த காலத்தில்தான் நம்மவர்கள் வந்து சேர்ந்தார்கள். ஹெனரத்கொடைத் தோட்டத்தில் 1876இலேயே ரப்பர் கன்று நட்ட நாட்டிலிருந்து வந்தவர்களுக்கு, ஏறத்தாழ 7 பாகை செல்சியசுக்குக் கீழே சாதாரண ரயரின் ரப்பர் இறுகிப் பிடிமானத்தை இழக்கும் என்பதைச் சொல்ல ஆளில்லை.

1999 ஜனவரியில் ரொறன்ரோவில் பெய்த பனி மறக்க முடியாதது. அந்த ஒரு மாதத்தில் 118 சென்ரிமீற்றர். மேயர் மெல் லாஸ்ற்மன் இராணுவத்தை உதவிக்கு அழைத்தார். நானூறுக்கு மேற்பட்ட படையினர் வந்தார்கள். கொஞ்சப் பனிக்கு இராணுவமா என்று கனடாவின் ஏனைய மாகாணங்கள் இன்றுவரை எள்ளி நகையாடுகின்றன. நான் அப்போது கொழும்பில் ஒரு தமிழ் நாளிதழின் வெளிநாட்டுச் செய்திப் பக்கத்தில் பணியாற்றினேன். செய்தி முகவரகத்தின் குறிப்பில் "ரொறன்ரோ வீதிகளில் இராணுவம்" என்ற வரியைக் கண்டபோது ஆசிரிய பீடத்தில் இருந்த எவருக்கும் சிரிப்பு வரவில்லை. அங்கே அண்ணன், அக்கா, மருமக்கள் இல்லாதவர் அந்த அறையில் குறைவு. கீழே வாசித்துக்கொண்டு போனபோதுதான் சிப்பாய்களின் கையில் இருந்தது சவள் என்று தெரிந்தது. தண்ணீர்க் குழாய்களையும் பஸ் தரிப்பிடங்களையும் மூடிய பனியை அவர்கள் வாரிக்கொண்டிருந்தார்கள். பிற்காலத்தில் அந்நாளில் இங்கிருந்த ஒரு மூதாட்டி என்னிடம் சொன்னார்: "பச்சை உடுப்பைக் கண்டவுடனை கதவைப் பூட்டிப்போட்டன் தம்பி. பிறகு பாத்தா, எங்கடை படியைத் துப்புரவாக்கிறாங்கள்."

நான் இங்கு வந்தது 2008 ஜனவரி. அந்தப் பனிக்காலம் ரொறன்ரோ கண்ட மிகக் கடுமையானவற்றில் ஒன்று. எனக்கு வாகனம் ஓட்டப் பழக்கியவர் உறவுமுறையில் அண்ணன். பல ஆண்டுகள் அதிகாலைப் பத்திரிகை விநியோகம் செய்து அனுபவப்பட்டவர். ஒரு கடைத்தொகுதியின் வெறுமையான வாகனத் தரிப்பிடத்துக்கு இரவில் கூட்டிச் சென்று, 30 கிலோமீற்றர் வேகத்தில் ஓடவிட்டு, பிறேக்கை அழுத்தச் சொன்னார். மிதிக்குக் கீழே கடகடவென்று ஒரு நடுக்கம். கார் தன்பாட்டில் வழுக்கிச் சென்று வெகுதூரம் தள்ளி நின்றது.

"பயப்பிடாதை தம்பி, அது பிறேக் வேலை செய்யிற சத்தம். காலை எடுத்திடாதை. கார் எங்கை போகுதெண்டு பாக்காதை, நீ எங்கை போகவேணுமோ அங்கை பார். கை அந்தப் பக்கம் தானாத் திரும்பும்."

பத்துத் தடவையாவது அதைச் செய்வித்தார். பாலங்களுக்கு மேலும் கீழும் குளிர்காற்று ஓடுவதால் அவை தெருவுக்கு முன்னரே உறைந்துவிடும் என்பதையும், ஈரம் போலத் தோன்றும் கறுப்புத் தெரு உண்மையில் கண்ணாடி போன்ற பனிக்கட்டியாக இருக்கலாம் என்பதையும், முன்னால் செல்லும் காரின் சக்கரங்களிலிருந்து தண்ணீர் சிதறாவிட்டால் ஐயப்பட வேண்டும் என்பதையும் அன்றுதான் அறிந்தேன். சாரதிப் பயிற்சிக் கைநூலில் இவற்றிற் பல இருந்தன. ஆனால் பிறேக்கின் நடுக்கத்தைக் காலுக்குக் காட்டக் கைநூலால் முடியாது.

கடும்பனி பெய்யும் நாட்களில் வானொலியில் பொலிஸார் ஒரே அறிவுரையைத் திரும்பத் திரும்பச் சொல்வார்கள்: அவசியமின்றி வெளியே செல்லாதீர்கள். நல்ல அறிவுரை. ஆனால் அதை ஏற்று நடக்க வசதியுள்ளவர் யார்? மணித்தியாலக் கூலிக்கு இரவில் அலுவலகங்களைத் துப்புரவு செய்பவர், அதிகாலை மூன்று மணிக்குப் பத்திரிகைக் கட்டு ஏற்றுபவர், முதியோர் இல்லத்தில் இரவுப்பணி புரிபவர், பீற்ஸா கொண்டு போய்க் கொடுப்பவர். புதிதாக வந்தோர் அதிகம் அகப்படுவது இத்தகைய தொழில்களிலேயே. வீட்டிலிருப்போர் அழைத்து வரவழைக்கும் உணவு, பனி தள்ளும் வாகனம் வருவதற்கு முன்னரே அந்தத் தெருவால் வந்தாக வேண்டும். அனுபவம் மிகக் குறைந்தவர், மிகப் பழைய காரில், மிக மோசமான நேரத்தில் தெருவில் நிற்கிறார். இது வானிலை பற்றிய பிரச்சினை அல்ல என்பதே என் கருத்து.

2010 டிசம்பரில் சார்ணியாவுக்கு அருகே 402ஆம் நெடுஞ்சாலையில் நூற்றுக்கணக்கான வாகனங்கள் பனிப்புயலில் புதையுண்டன. இராணுவ ஹெலிகொப்ரர்கள் வந்து ஆட்களை மீட்டன. ஒருவர் உயிரிழந்தார். போர்வை, மெழுகுதிரி, சவள், கொஞ்சம் உணவு ஆகியவை காரில் இருக்க வேண்டும் என்பதை அதன் பிறகு பலர் கவனத்திற் கொண்டார்கள். புதைந்த காருக்குள் இருந்தபடி சூட்டுக்காக இயந்திரத்தை ஓடவிடுபவர், முதலில் இறங்கிப் புகைபோக்கியை அடைத்திருக்கும் பனியை அகற்ற வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். அகற்றாவிட்டால் மணமற்ற நச்சுவாயு உள்ளே வரும்.

ரயர் விடயத்தில் கியூபெக் முந்திக்கொண்டது. 2008இல் குளிர்கால ரயரை அந்த மாகாணம் கட்டாயமாக்கியது. இன்று டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை அது சட்டம். சட்டத்துக்கு முன்னர் குளிர்கால ரயர் பூட்டாதோர் பத்தில் ஒருவராகவே இருந்தும், குளிர்கால விபத்துகளில் 38 வீதத்தில் அவர்களே சம்பந்தப்பட்டிருந்தார்கள் என்பது அரசு காட்டிய கணக்கு. ஒன்ராறியோ அந்த வழியில் செல்லவில்லை. குளிர்கால ரயர் பூட்டுபவருக்குக் காப்புறுதிக் கட்டணத்தில் கழிவு கொடுக்க வேண்டும் என்று 2016 ஜனவரி முதல் காப்புறுதி நிறுவனங்களைப் பணித்ததோடு நின்றுகொண்டது. ஏழைகளுக்குச் செலவு அதிகம் என்பது கட்டாயத்தை எதிர்ப்போர் முன்வைக்கும் வாதம். அந்தச் செலவு உண்மை. நான்கு ரயரும் பூட்டுக்கூலியும் இரவுத் துப்புரவுப் பணியாளர் ஒருவருக்குச் சிறிய தொகையல்ல. ஆனால் கழிவு என்பது முதலில் காசு வைத்திருப்பவருக்கே கிடைக்கும். வாங்க இயலாதவருக்கு அது ஒரு சதமும் தருவதில்லை, ரயரும் தருவதில்லை. ஏழையின் பெயரால் சட்டத்தைத் தவிர்த்தவர்கள், அந்த ஏழை ரயர் வாங்க ஒரு கடன் திட்டத்தையாவது முன்வைத்திருக்கலாம்.