மஞ்சள் வயிற்றுக்காரர்கள்

இரும்பு கிடையாது, நிலக்கரி கிடையாது, பக்கத்தில் துறைமுகமும் கிடையாது. ஆனாலும் பிரான்ஸில் செய்யப்படும் கத்திகளில் பத்துக்கு ஏழாவது தியேர் என்ற மலைச்சரிவு ஊரிலும் அதைச் சுற்றியுள்ள கிராமங்களிலும்தான் இன்றைக்கும் தயாராகிறது. எப்படி என்று ஊர்க்காரர்களைக் கேட்டால் பள்ளத்தைக் காட்டுவார்கள். அங்கே துரோல் ஓடுகிறது. ஆறு என்றதும் எங்கள் ஊர்ச் சங்கராபரணியை நினைத்துக்கொள்ளக் கூடாது. இது பாறைக்குப் பாறை குதித்து இறங்கும் முரட்டு ஓடை. அந்தக் குதியில்தான் சக்கரங்கள் சுற்றின. சக்கரங்கள் சுற்றியதால் சம்மட்டியும் சாணைக்கல்லும் ஓடின.

நான் புதுச்சேரிக்காரன். தியேரிலிருந்து நாற்பது கிலோமீட்டர் தள்ளி, கிளெர்மோன்-ஃபெரானில் ஒரு டயர் ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பழைய மடக்குக்கத்தி சேர்ப்பது என் கிறுக்கு. வீட்டில் அதற்குப் பெயர் ‘துருப்பிடித்த சொத்து’. ஞாயிற்றுக்கிழமைப் பழம்பொருள் சந்தையில் வாங்கி வந்து, மேசையில் பழைய செய்தித்தாளை விரித்து, பூதக்கண்ணாடியில் குறியைத் தேடுவேன். குறி தெரிந்தால் யார் செய்தது என்று தெரிந்துவிடும் என்றுதான் புதிதாகச் சேர்க்கிறவர்கள் எல்லோரும் நினைக்கிறார்கள். தியேர் கத்தியைப் பொறுத்தவரை அது பாதிக்குப் பாதிதான் உண்மை.

தியேர் இருக்கும் ஓவேர்ஞ் வட்டாரத்திலிருந்து சிலுவைப்போருக்குப் போன வீரர்கள் கிழக்கிலிருந்து இந்தத் தொழிலைக் கொண்டுவந்தார்கள் என்றொரு கதை உண்டு. எல்லாத் தொழிலுக்கும் இப்படி ஒன்று இருக்கும், கேட்டுக்கொள்ளலாம், அவ்வளவுதான். நம்பிப் பிடித்துக்கொள்ளக்கூடிய ஆண்டு 1582. தியேர் கத்திக்காரர்களின் சங்கத்துக்கு அந்த வருடம் சட்டதிட்டம் ஏற்பட்டது. ஒவ்வொரு முதலாளிக்கும் சொந்தமாக ஒரு குறி. நங்கூரம், கிரீடம், விலங்கு என்று எதுவாகவும் இருக்கலாம். அதைச் சங்கத்தின் உலோகத் தகட்டில் அடித்துப் பதிந்து வைக்க வேண்டும். ஒருவர் குறியை இன்னொருவர் போட்டால் வழக்கு.

குறி முதலாளியுடையது. கத்தி அவர் கையால் ஆனதல்ல. தியேரில் முழுக்கத்தியை ஒரே ஆள் செய்வது அபூர்வம். எஃகு வெளியூரிலிருந்து வரும். ஒருவர் காய்ச்சி அடித்து அலகுக்கு உருவம் கொடுப்பார். இன்னொருவர் துளை போடுவார். வேறொருவர் சூடாக்கிக் குளிர்வித்துப் பதம் போடுவார். பிறகு அலகுகள் கட்டுக் கட்டாகப் பள்ளத்துக்கு இறங்கும், சாணைக்கு. மெருகு போடப் பெரும்பாலும் பெண்கள். கொம்பையும் எலும்பையும் மரத்தையும் பிடிக்கு அறுப்பவர் தனி. கடைசியில் எல்லாம் மேலேறி ஏதோ ஒரு மலைக்கிராமத்து வீட்டுக்குப் போகும்; ஜன்னலோரப் பட்டறை மேசையில் ஒருவர் அலகு, ஸ்பிரிங், பிடி மூன்றையும் ரிவிட் அடித்துச் சேர்ப்பார். மாடு, வயல், கத்தி மூன்றும் ஒரே வீட்டு வேலை. சேர்ந்த கத்தி ஊருக்குள் முதலாளி வீட்டுக்கு வரும். அவர் துணியில் துடைத்துப் பெட்டியில் அடுக்குவார். பேர் அவருக்கு.

இவர்களில் என் மனம் நிற்பது சாணைக்காரர்களிடம்தான். ஊருக்கு மேலே துரோல் கரையில் நடந்தால் அவர்களுடைய பட்டறைகளின் சுவர்கள் பாசி ஏறிக் கிடக்கின்றன. ஒன்றை மட்டும் பழையபடி வைத்துப் பார்வையாளர்களுக்குக் காட்டுகிறார்கள். உள்ளே நுழைந்ததும் ஈரவாடை. ஆறு சுவருக்கு அந்தப்பக்கம் ஓடுவதுபோல இருக்காது, அறைக்குள்ளேயே ஓடுவதுபோல இருக்கும். தரைக்குக் கீழே பாதி இறங்கியபடி மணற்கல் சாணைகள். அவற்றின் மேல் சாய்வாக ஒரு பலகை. சாணைக்காரர் அந்தப் பலகையில் குப்புறப் படுத்துக்கொள்வார். முகம் கல்லுக்கு நேர் மேலே. இரண்டு கையாலும் அலகைப் பிடித்துச் சுழலும் கல்லில் அழுத்துவார். உட்கார்ந்தோ நின்றோ செய்தால் கை பலம் மட்டும்தான். படுத்தால் உடம்பின் பாரம் முழுவதும் தோள் வழியாக அலகுக்கு இறங்கும். நாள் முழுக்கக் குனிந்து நின்று இடுப்பு ஒடிவதும் இல்லை.

கல் காயாமல் இருக்கத் தண்ணீர் வேண்டும். கல் கரைந்து, எஃகு கரைந்து, மஞ்சளாக ஒரு சேற்றுநீர் மார்பிலும் வயிற்றிலும் தெறித்துக்கொண்டே இருக்கும். அதனால் தியேரின் சாணைக்காரர்களுக்கு மஞ்சள் வயிற்றுக்காரர்கள் என்று பெயர். வைத்தவர்கள் கேலியாகத்தான் வைத்திருப்பார்கள். பிறகு அவர்களே பெருமையாகச் சொல்லிக்கொண்டார்கள்.

குளிர்காலத்தில் அந்த ஈரத்தில் அசையாமல் படுத்திருந்தால் கால் மரத்துப்போகும். அதற்கு நாய். ஒவ்வொருவரும் தன் நாயைக் கூட்டிவந்து, பலகையில் படுத்ததும் அதைத் தன் கால்கள்மேல் ஏற்றிப் படுக்கவைத்துக்கொள்வார். பழைய அஞ்சலட்டைப் படங்களில் வரிசையாகக் குப்புறக் கிடக்கும் ஆட்கள், வரிசையாக அவர்கள் கால்மேல் நாய்கள். முதலாளி கணக்குப் புத்தகத்தில் வராத தொழிலாளி அது. படத்தைப் பார்த்துச் சிரிக்காதவரை நான் கண்டதில்லை. ஆனால் கல்லில் வெளியே தெரியாத விரிசல் இருந்தால் சுற்றும்போதே வெடிக்கும், அப்போது முதலில் அடிபடுவது அதற்கு நேர் மேலே இருக்கும் முகம் என்று சொன்னால் சிரிப்பு நின்றுவிடும். இதெல்லாம் ஏதோ மத்தியகாலக் கதை என்று நினைக்க வேண்டாம். மின்சாரம் வந்து பெரும்பாலோர் பள்ளத்தைவிட்டு ஏறிய பிறகும் சிலர் அங்கேயே இருந்தார்கள். ஆற்றுச் சக்கரத்தை நம்பிய கடைசிச் சாணைக்காரர் வேலையை நிறுத்தியது 1976இல்.

இப்படிச் செய்த கத்திகளுக்குத் தியேர் தன் பெயரை வைத்துக்கொள்ளவும் இல்லை. பிரான்ஸில் ஒவ்வொரு வட்டாரத்தானுக்கும் ‘எங்கள் கத்தி’ என்று ஒன்று வேண்டும். தியேர் வியாபாரிகளுக்கு அது நன்றாகத் தெரியும். இசாஞ்சோக்காரனுக்கு இசாஞ்சோ, ஓரியாக்காரனுக்கு ஓரியாக், கோர்சிகாவுக்குப் பழிவாங்கும் வாசகம் பொறித்த வெண்டெட்டா. எல்லாம் இதே பள்ளத்தாக்கிலிருந்து போனவை. கோர்சிகாவுக்குச் சுற்றுலா போகிறவர் மலைக்கொள்ளையர் கத்தி என்று நினைத்து வாங்கி வருவதைப் பார்த்தால் எனக்கு வாய் துறுதுறுக்கும். சொல்ல மாட்டேன்.

இதில் பெரிய கதை லாயோல். அது அவேரோன் மாவட்டத்தில், ஓப்ராக் பீடபூமியில் சுமார் ஆயிரம் மீட்டர் உயரத்தில் உள்ள மாட்டு ஊர். அந்த ஊர் மடக்குக்கத்தியை 1829இல் பியேர்-ழான் கல்மேல்ஸ் என்ற இளைஞர் தொடங்கியதாகச் சொல்வது வழக்கம். மரம் அறுக்க ஸ்பெயினுக்குப் போய் வந்தவர்கள் கொண்டுவந்த நவாஹா கத்தியின் வளைவு அதில் இருக்கிறது. 1840 வாக்கில் அலகோடு ஒரு குத்தூசியும் சேர்ந்தது. ஈரப்புல்லை மேய்ந்து மாட்டுக்கு வயிறு உப்பினால், விலாவுக்குப் பின்னால் குத்திக் காற்றை இறக்க மேய்ப்பனுக்கு அது வேண்டும். 1880இல் கார்க் திருகி வந்தது. பஞ்சம் பிழைக்கப் பாரிஸ் போன ஓப்ராக்காரர்கள் அங்கே காப்பிக்கடையும் மதுக்கடையும் வைத்தார்கள்; அவர்கள் சட்டைப்பையில் இருந்த ஊர்க்கத்திக்குப் புது வேலை வந்துவிட்டது. ஒரே கத்தியின் ஒரு பக்கம் மாட்டு வயிறு, மறுபக்கம் மதுப்புட்டி. ஒரு ஊரின் நூறு வருடத்தை இதைவிடச் சுருக்கமாக எழுத முடியாது. ஸ்பிரிங்கின் தலையில் இருக்கும் தேனீயை நெப்போலியன் வெகுமதியாகக் கொடுத்தான் என்று கடைக்காரர்கள் சொல்வது மட்டும் வெறும் கட்டுக்கதை. அந்தத் தேனீ இருபதாம் நூற்றாண்டில்தான் வந்து உட்கார்ந்தது.

முதல் உலகப்போருக்குப் பிறகு லாயோல் ஊரில் பட்டறைகள் அணைந்துபோயின. கத்தி அணையவில்லை. தியேர் அதைச் செய்துகொண்டே இருந்தது. 1987இல்தான் லாயோலில் மறுபடி ஒரு ஆலை வந்தது. ஃபிலிப் ஸ்டார்க் வடிவமைத்த கட்டடம், கூரையைத் துளைத்துக்கொண்டு பதினெட்டு மீட்டர் உயர அலகு. அதோடு ‘அசல் எது’ என்ற சண்டையும் வந்தது. 1993இல் ஊருக்குச் சம்பந்தமே இல்லாத ஒருவர் அந்தப் பெயரை வணிகமுத்திரையாகப் பதிந்துகொள்ள, வழக்கு வருடக்கணக்கில் நடந்தது. 2012இல் கோபத்தில் ஊர்க்காரர்கள் தங்கள் ஊர்ப் பெயர்ப்பலகையையே கழற்றினார்கள். அவர்கள் கோபம் நியாயம்தான். ஆனால் பட்டறை அணைந்திருந்த அறுபது எழுபது வருடம் அந்தக் கத்தியை உயிரோடு வைத்திருந்த தியேர்க் கைகளுக்காக யாரும் பலகை எதையும் கழற்றியதாகத் தெரியவில்லை.

தியேர் கத்தி எங்கள் வீட்டுக்கு வந்த வழி வேறு. பெரியப்பா ஒரு சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இந்தோசீனா, பிறகு அல்ஜீரியா. பென்ஷனோடு புதுச்சேரி திரும்பியபோது அவர் பையில் ஒரு மடக்குக்கத்தி இருந்தது. பிடி கறுப்புத் தகடு. அதன்மேல் பாவாடை மாதிரி ஏதோ கட்டி, கூம்புத் தலையோடு நிற்கும் ஒரு பூதம். சின்ன வயதில் எனக்கு அது அய்யனார் கோவில் பூதகணம். அவர் அதில் மாம்பழம் சீவுவார், வெற்றிலைக் காம்பு கிள்ளுவார், சர்க்காரிலிருந்து வரும் உறையைப் பிரிப்பார். எங்களைத் தொடவிட மாட்டார். “வாணாம்டா, வெரல் போயிடும்” என்பதோடு சரி.

பிரான்ஸுக்கு வந்த பிறகுதான் அது டூக்-டூக் என்று தெரிந்தது. தியேரின் கோன்யே குடும்பத்தார் 1929இல் பசிபிக் தீவுக் குடியேற்ற நாடுகளில் விற்பதற்காக உண்டாக்கியது. மெலனேசியத் தீவுக்காரர்களின் ஆவி உருவத்தைப் பிடியில் போட்டால் அங்கே நன்றாக விற்கும் என்று கணக்கு. போனது வேறு பக்கம். வட ஆப்பிரிக்காவில் அது பிய்த்துக்கொண்டு விற்றது. அல்ஜீரியப் போரில் சிப்பாய் பையிலும் இருந்தது, விடுதலைக்குப் போராடியவர் பையிலும் இருந்தது. பெரியப்பா எந்தக் கடையில், எந்த நாளில் வாங்கினார் என்று சொன்னதே இல்லை. அல்ஜீரியாவைப் பற்றி அவர் எதையும் சொன்னதில்லை.

டூக்-டூக்கைச் செய்திருக்கும் விதத்தைப் பார்த்தால் தியேர்க்காரர்களின் சிக்கனம் புரியும். பிடிக்குக் கொம்பும் இல்லை, மரமும் இல்லை. ஒரே இரும்புத் தகட்டை நீளவாக்கில் இரண்டாக மடித்திருக்கிறார்கள். மடிப்புக்குள் ஸ்பிரிங், வாயில் அலகு, வாலில் கயிறு கட்ட ஒரு வளையம். அவ்வளவுதான் கத்தி. ஸ்பிரிங் முரடு, நகம் பெயர்ந்துவிடும். அலகு துருப்பிடிக்கும் சாதாரண எஃகு. ஆனால் கூர் ஏறிவிட்டால் தாளைக் காட்டினால் போதும், வெட்டிவிடும்.

கத்தியைப் பையில் வைத்துக்கொள்ளும் பழக்கத்தை நான் ஆலைச் சாப்பாட்டுக்கூடத்தில் பார்த்தேன். மலைக்கிராமங்களிலிருந்து வரும் மூத்த தொழிலாளிகள் தட்டோடு இருக்கும் கத்தியைத் தொட மாட்டார்கள். தங்கள் பையிலிருந்து எடுத்து, ரொட்டியும் சீஸும் அறுத்து, கடைசி ரொட்டித் துண்டில் அலகை இரு பக்கமும் துடைத்து மடக்குவார்கள். ‘டப்’பென்று மூட மாட்டார்கள், கூர் ஸ்பிரிங்கில் இடித்துவிடும் என்று விரலால் அணைத்து மூடுவார்கள். கத்தியை யாருக்காவது பரிசாகக் கொடுத்தால் ஒரு சில்லறைக் காசு வாங்கிக்கொள்வார்கள், நட்பு அறுந்துவிடக் கூடாதாம். இப்போது நகரத்தில் அப்படிப் பையில் வைத்துத் திரிவது சிக்கல். தகுந்த காரணம் இல்லாமல் கத்தி வைத்திருந்தால் குற்றம். 2024 முதல் போலீஸ் அங்கேயே 500 யூரோ அபராதம் எழுதலாம். அறுபது வருடமாக ரொட்டி அறுப்பதுதான் காரணம் என்று ரயில் நிலையத்தில் ஒரு கிழவர் விளக்கிக்கொண்டிருக்க முடியுமா?

சேர்க்கிறவர்களிடம் எனக்கு ஒரே ஒரு வழக்கு உண்டு. வாங்கியதும் உப்புத்தாளை எடுத்துத் தேய்தேய் என்று தேய்த்துக் கண்ணாடி மாதிரி ஆக்கிவிடுகிறார்கள். குறி ஆழமாக அடித்திருக்கும், பெரும்பாலும் தப்பிவிடும். தப்பாதது வேறு. பழைய அலகைச் சாய்த்து வெளிச்சத்தில் பிடித்தால் கூரிலிருந்து முதுகு நோக்கி மெல்லிய கோடுகள் ஓடும். மணற்கல் விட்ட தடம். சில இடத்தில் அழுத்தம் கூடி லேசாகப் பள்ளம் விழுந்திருக்கும். அதுதான் பலகையில் படுத்திருந்தவர் போட்டது. குறியை எந்தப் புத்தகத்திலும் தேடிப் பிடிக்கலாம், இதைத் தேட முடியாது. துருவை எடுக்க வேண்டுமானால் இரண்டு நாள் தையல்மிஷின் எண்ணெயில் ஊறவிட்டு, பழைய பருத்தித் துணியால் கோட்டின் போக்கிலேயே துடையுங்கள். போகாத துரு அப்படியே இருந்துவிட்டுப் போகட்டும்.