பேருந்துப் பயணம்: பாதுகாப்பு, டீசல், கட்டணம் – அரசின் கொள்கைகள் ஒரு பார்வை

கடந்த 2025 ஜூன் 9ஆம் தேதி, நள்ளிரவு கடந்த வேளையில், கெரிக் அருகே கிழக்கு-மேற்கு நெடுஞ்சாலையில் வாடகைப் பேருந்து ஒன்று கவிழ்ந்தது. அதில் சென்ற சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழக மாணவர்கள் 15 பேர் உயிரிழந்தனர். விடுமுறை முடிந்து ஜெர்த்தேவிலிருந்து தஞ்சோங் மாலிம் திரும்பிக் கொண்டிருந்தவர்கள் அவர்கள். இறக்கத்தில் பேருந்து மணிக்கு 117 கிலோமீட்டர் வேகத்தில் சென்றதும், பிரேக் போதிய அளவு வேலை செய்யாததும் விசாரணையில் தெரியவந்தன.

அதன் பின்னர் விதிகள் இறுக்கப்பட்டன. பயணிகள் அறிந்திருக்க வேண்டிய முக்கிய விவரங்கள் இங்கே தொகுத்துத் தரப்படுகின்றன.

இருக்கைவாரும் வேகக் கட்டுப்பாடும்

2025 ஜூலை 1 முதல் விரைவுப் பேருந்துகளிலும் சுற்றுலாப் பேருந்துகளிலும் ஓட்டுநர் மட்டுமின்றிப் பயணிகளும் இருக்கைவார் அணிவது கட்டாயமாக்கப்பட்டது. அணியாதவருக்கு 300 வெள்ளி வரை அபராதம் விதிக்கப்படலாம். பழைய பேருந்துகள் அனைத்திலும் வார் இருப்பதில்லை. எனவே டிக்கெட் வாங்கும்போதே கேட்டுக்கொள்வது நல்லது. நின்றுகொண்டு பயணம் செய்யும் நகரப் பேருந்துகளுக்கு இவ்விதி பொருந்தாது.

2025 அக்டோபர் 1 முதல் கனரக வாகனங்களுக்கு வேகக் கட்டுப்பாட்டுக் கருவி கட்டங்கட்டமாகக் கட்டாயமாக்கப்பட்டு வருகிறது. வாகனம் மணிக்கு 90 கிலோமீட்டரைத் தாண்டாதபடி அது இயந்திரத்தைக் கட்டுப்படுத்தும். பேருந்துகள் ஆறு மாதத்திற்கு ஒருமுறை சோதனைக்கு உட்பட வேண்டும் என்ற விதி முன்பே நடப்பில் உள்ளது.

டீசலின் தரம்

நாடு முழுவதும் 2021 ஏப்ரல் 1 முதல் யூரோ 5 தர டீசல் விற்கப்படுகிறது. முந்தைய யூரோ 2எம் டீசலில் பத்து லட்சம் பங்கில் 500 பங்கு வரை கந்தகம் இருக்கலாம். யூரோ 5இல் அந்த வரம்பு 10 பங்கு மட்டுமே. ரோன்95 பெட்ரோல் 2020 ஜனவரியில் யூரோ 4எம் தரத்திற்கு மாறியது. அதற்கான வரம்பு 50 பங்கு.

கந்தகம் குறைந்தால் புகையில் நுண்துகள் குறையும். புகையை வடிகட்டும் கருவிகளும் பழுதாகாமல் நீண்ட நாள் உழைக்கும். நிறுத்தத்தில் தினமும் காத்திருப்பவர்களின் நுரையீரலுக்கு இது நல்ல செய்தி. ஆனால், பராமரிக்கப்படாத பழைய இயந்திரத்தில் எவ்வளவு தூய டீசலை ஊற்றினாலும் கரும்புகை வரத்தான் செய்யும்.

மானியம்

2024 ஜூன் 10ஆம் தேதி தீபகற்ப மலேசியாவில் டீசல் விலை லிட்டருக்கு 2 வெள்ளி 15 சென்னிலிருந்து 3 வெள்ளி 35 சென்னாக உயர்ந்தது. எனினும் பொதுப் போக்குவரத்து வாகனங்களுக்குச் சிறப்பு அட்டை வழி 1 வெள்ளி 88 சென்னுக்கு டீசல் வழங்கும் திட்டம் தொடர்ந்தது. பள்ளிப் பேருந்துகளும் அதில் அடங்கும். தமிழ்ப்பள்ளிகள் பல வீட்டிலிருந்து தொலைவில் இருப்பதால், பள்ளிப் பேருந்தை நம்பியிருக்கும் நம் குடும்பங்கள் ஏராளம். அந்தச் சலுகை இல்லையென்றால் சுமை பெற்றோர் தலையில்தான் விழுந்திருக்கும்.

கட்டணச் சலுகைகள்

மலேசியர்களுக்கான மை50 அட்டையில் 50 வெள்ளி செலுத்தினால் 30 நாள்களுக்கு ராப்பிட் கேஎல் பேருந்து, எல்.ஆர்.டி., எம்.ஆர்.டி., மோனோரயில் சேவைகளை எத்தனை முறை வேண்டுமானாலும் பயன்படுத்தலாம். மாதம் 22 நாள் வேலைக்குச் செல்பவருக்கு நாளொன்றுக்கு 2 வெள்ளி 30 சென்கூட ஆகாது. மூத்த குடிமக்கள், மாணவர்கள் ஆகியோருக்குப் பாதிக் கட்டணச் சலுகை உண்டு. சிலாங்கூரில் 2015 முதல் இலவசப் பேருந்துகள் ஓடுகின்றன.

மோட்டார் சைக்கிளில் போகும் உயிர்கள்

நாட்டில் ஆண்டுதோறும் 6,000க்கும் மேற்பட்டோர் சாலை விபத்துகளில் உயிரிழக்கின்றனர். அவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரு பங்கினர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள். 2030க்குள் உயிரிழப்பைப் பாதியாகக் குறைப்பதே அரசின் சாலைப் பாதுகாப்புத் திட்டத்தின் இலக்கு.

இங்கேதான் பேருந்துக் கொள்கையும் சாலைப் பாதுகாப்பும் ஒன்றாகின்றன. தோட்டத்தை விட்டு நகர்ப்புற அடுக்குமாடிகளுக்கு வந்த பல குடும்பங்களின் முதல் வாகனம் மோட்டார் சைக்கிள்தான். இரவு 11 மணிக்கு ஷிப்ட் முடிந்து வரும் தொழிலாளிக்குப் பேருந்து இல்லையென்றால், 50 வெள்ளி அட்டை கையில் இருந்தும் பயனில்லை. மழையானாலும் அவர் மோட்டார் சைக்கிளைத்தான் எடுப்பார். கட்டணம் குறைந்துவிட்டது. இனி நேரத்திற்கு வரும் பேருந்தும், வீட்டருகே ஒரு நிறுத்தமும்தான் தேவை.

பயணிகள் கவனத்திற்கு

• விரைவுப் பேருந்தில் அமர்ந்ததும் இருக்கைவாரை அணியுங்கள்.

• ஓட்டுநர் கைப்பேசியைப் பயன்படுத்தினாலோ அபாயகரமாக முந்தினாலோ, பேருந்து எண், நேரம், இடம் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு சாலைப் போக்குவரத்துத் துறையான ஜே.பி.ஜே.யிடம் புகார் அளியுங்கள்.

• பள்ளிப் பேருந்தில் பிள்ளைகள் அளவுக்கு மீறி ஏற்றப்படுகிறார்களா என்பதைப் பெற்றோர் அவ்வப்போது நேரில் பார்ப்பது அவசியம்.